எண்ணும் வாக்குமூலமும்: உரிமை வந்து சேர்ந்ததா என்று அறியும் வழி

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் நாட்டுப் பழமொழி. நூலை நிறுத்து வாங்கித் துணியை அளந்து கொடுக்கும் நெசவாளருக்கும், களத்து நெல்லை மூட்டை மூட்டையாக எண்ணி வைக்கும் குடியானவருக்கும் இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு விஷயத்தில் மட்டும் நாம் அளக்காமலே இருந்துவிடுகிறோம். அரசாங்கம் நமக்கென்று வகுத்த திட்டங்களும், சட்டம் நமக்கு அளித்த உரிமைகளும் நம் வீட்டு வாசலை எந்த அளவுக்கு எட்டியிருக்கின்றன என்பதே அவ்விஷயம்.

ஒரு திட்டம் அறிவிக்கப்படும் நாளில் மகிழ்கிறோம். அது நமக்குக் கிட்டாதபோது திண்ணையில் அமர்ந்து குறை கூறுகிறோம். இவ்விரண்டுக்கும் இடையே செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. என்ன கிடைத்தது, எவருக்குக் கிடைத்தது, எவருக்கு, ஏன் கிடைக்கவில்லை என்று ஒழுங்காக விசாரித்து எழுதி வைப்பதே அவ்வேலை. இதனை எவ்வாறு செய்வது என்பதை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவகைக் கணக்கு

விசாரித்து எழுதும் விவரங்கள் இரு வகைப்படும். முதலாவது எண். எத்தனை தறிகள், எத்தனை நாள் வேலை, எத்தனை ரூபாய் கூலி, எத்தனை மூட்டை நெல் என்பன இதில் அடங்கும். இரண்டாவது வாக்குமூலம். தறி ஏன் நின்றது, நெல்லை ஏன் வியாபாரியிடம் விற்க நேர்ந்தது, விண்ணப்பம் எங்கே தங்கிவிட்டது என்பவற்றைச் சம்பந்தப்பட்டவர் தம் வாயால் சொல்லக் கேட்டு எழுதுவது இது.

எண், நிலைமை எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் காட்டும். அதன் காரணத்தைக் காட்டாது. வாக்குமூலம் காரணத்தைக் காட்டும். அது ஒருவர் கதையா, ஊரார் கதையா என்பதைக் காட்டாது. ஆகவே ஒன்றை விட்டு ஒன்றை மட்டும் எடுத்துச் சென்றால் எதிர்த்தரப்பார் அதனை எளிதில் தள்ளிவிடலாம். எண்ணை மட்டும் காட்டினால், ‘காரணம் வேறு’ என்பார்கள். வாக்குமூலத்தை மட்டும் காட்டினால், ‘யாரோ ஒருவர் சொன்னது’ என்பார்கள். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போதுதான் வழக்கு உறுதிப்படுகிறது. நம் தேச சரித்திரத்திலிருந்தே இதற்குச் சான்றுகள் காட்டலாம்.

சம்பாரணில் எழுதப்பட்ட வாக்குமூலங்கள்

பீகாரின் சம்பாரண் ஜில்லாவில் குடியானவர்கள் தங்கள் நிலத்தில் இருபதில் மூன்று பங்கை அவுரிச் சாகுபடிக்கு ஒதுக்கும்படி வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளால் கட்டாயப்படுத்தப்பட்டு வந்தனர். ‘தீன்கதியா’ என்பது இம்முறையின் பெயர். ஜெர்மனியில் செயற்கைச் சாயம் உற்பத்தியாகி அவுரியின் விலை வீழ்ந்தபின், இக்கட்டாயத்திலிருந்து விடுவிப்பதற்கு ஈடாக முதலாளிகள் குத்தகையை உயர்த்தினர். அல்லது ஒரு தொகையை மொத்தமாக வசூலித்தனர். நஷ்டம் குடியானவர் தலையில் ஏறியது.

1917 ஏப்ரலில் காந்தியடிகள் அங்கே சென்றபோது முதலில் செய்த காரியம் விசாரணை. ராஜேந்திர பிரசாத், பிரஜ்கிஷோர் பிரசாத் முதலிய வழக்கறிஞர்கள் உடனிருந்து குடியானவர்களின் வாக்குமூலங்களை எழுதினர். ஏறத்தாழ 8,000 பேரின் வாக்குமூலங்கள் சேர்ந்தன. தொகையைவிட முறைதான் நாம் கவனிக்கத் தக்கது. வந்தவர் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரையும் குறுக்கு விசாரணை செய்தனர்; அதில் நிலைக்காதவரின் கூற்றை ஏற்கவில்லை. போலீஸ் ரகசிய அதிகாரி உடனிருக்கவும் தடை சொல்லவில்லை. முதலாளிகளையும் சந்தித்து அவர்கள் தரப்பைக் கேட்டறிந்தனர்.

இதன் பயனாக அரசாங்கம் விசாரணைக் குழு ஒன்றை நியமித்தது. அதில் காந்தியடிகளும் ஓர் அங்கத்தினராயினர். வசூலித்த மொத்தத் தொகையில் கால் பங்கைத் திருப்பித் தர வேண்டுமென்றும், தீன்கதியா முறை ஒழிய வேண்டுமென்றும் முடிவாயிற்று. 1918-இல் சம்பாரண் விவசாயச் சட்டம் நிறைவேறியது. ஒருவர் கண்ணீர் விட்டுச் சொல்வது புலம்பல் எனப்படலாம். குறுக்கு விசாரணையில் நிலைத்த எண்ணாயிரம் வாக்குமூலங்களை அவ்வாறு ஒதுக்க இயலவில்லை.

பர்தோலியில் பிழைபட்ட எண்

இனி எண்ணின் கதை. குஜராத்தில் சூரத் ஜில்லாவின் பர்தோலி தாலுகாவில் நிலவரியை மறுநிர்ணயம் செய்த அதிகாரி 30 சதவீத உயர்வைச் சிபாரிசு செய்தார். பம்பாய் அரசாங்கம் அதனைச் சுமார் 22 சதவீதமாக்கி விதித்தது. நிலங்களின் குத்தகைத் தொகை உயர்ந்திருக்கிறது என்ற புள்ளி விவரமே இதற்கு முக்கிய ஆதாரமாகக் காட்டப்பட்டது. 1928-இல் வல்லபபாய் படேலின் தலைமையில் குடிகள் வரி கொடுக்க மறுத்தனர். அவர்கள் கேட்டது வரித் தள்ளுபடியன்று, பாரபட்சமற்ற விசாரணை.

அவ்வாண்டு ஆகஸ்டில் சமரசம் ஏற்பட்டு, புரூம்பீல்டு, மாக்ஸ்வெல் என்னும் இரு அதிகாரிகள் விசாரணைக்கு நியமிக்கப்பட்டனர். அவர்கள் கிராமம் கிராமமாகச் சென்றனர். மகாதேவ தேசாய், நரஹரி பாரிக் முதலியோர் குடிகள் தரப்பில் விவரங்களை எடுத்து வைத்தனர். ஏட்டில் குத்தகை என்று எழுதப்பட்டிருந்த தொகைகளில் பல உண்மையில் குத்தகையல்ல என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். கடனுக்கு நிலத்தை ஈடாக எழுதிக்கொடுத்தவன், அதே நிலத்தை உழுதுகொண்டு செலுத்தும் வட்டியும் குத்தகைப் பட்டியலில் சேர்ந்திருந்தது. கடனாளியின் சுமை, ஏட்டிலே நிலத்தின் செழிப்பாகத் தோன்றியது!

விசாரணையின் முடிவில் முந்தைய நிர்ணயத்தின் புள்ளி விவரங்கள் நம்பத் தக்கவையல்லவென்று கண்டு, 22 சதவீத உயர்வை 6.03 சதவீதமாகக் குறைத்தனர். இங்கே எண்ணை எதிர்த்து வென்றது எது? ‘இத்தொகை எப்படி ஏற்பட்டது?’ என்று உழுதவனைக் கேட்டறிந்த விவரமே. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் மனிதரைக் கேளாமல் எண்ணை நம்புதல் ஆகாது என்பது பர்தோலியின் பாடம்.

பட்டியலை உரக்கப் படித்தல்

சுதந்திர இந்தியாவிலும் இம்முறை புத்துருப் பெற்றது. ராஜஸ்தானத்தில் 1990-இல் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பு, 1994 டிசம்பரில் பாலி ஜில்லாவின் கோட்கிரானா என்ற ஊரில் பொது விசாரணை ஒன்றை நடத்தியது. அரசாங்க வேலைகளில் கூலி பெற்றவர்களாகக் காட்டப்பட்டிருந்தோரின் பட்டியலை ஊரார் முன்னிலையில் உரக்கப் படித்தனர். பெயர் படிக்கப்பட்டவர் எழுந்து, தாம் அவ்வேலை செய்ததுண்டா, அத்தொகை கைக்கு வந்ததுண்டா என்று சொன்னார். வேலைக்கே வராதவர் பெயரும், கட்டப்படாத கட்டடத்தின் செலவும் இத்தகைய விசாரணைகளில் வெளிப்பட்டன.

ஏட்டின் எண்ணும் ஊராரின் வாக்கும் ஒரே பந்தலில் எதிரெதிரே நின்றன. அதற்கு ஏடு வேண்டும். ஏட்டைக் காண உரிமை வேண்டும். இவ்வியக்கத்தின் தொடர்ச்சியாகவே 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறந்தது. பொது அலுவலகத்தில் உள்ள தகவலை எழுதிக் கேட்டால் சாதாரணமாக 30 நாட்களுக்குள் விடையளிக்க வேண்டுமென்பது அதன் விதி. அதே ஆண்டில் நிறைவேறிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-வது பிரிவு, கிராம சபையே வேலைகளைத் தணிக்கை செய்யும் சமூகத் தணிக்கை முறைக்கு இடமளித்தது.

நம் தறியும் நம் வயலும்

இனி நம் நிலைமைக்கு வருவோம். இந்தியக் கைத்தறிக் குடும்பங்களின் கணக்கெடுப்பு இதுவரை நான்கு முறை நடைபெற்றுள்ளது. மூன்றாவது கணக்கெடுப்பு 2009-10-இல் நெசவாளரும் துணைத் தொழிலாளருமாக 43.31 லட்சம் பேர் என்றது. நான்காவது, 2019-20-இல் 35.22 லட்சம் பேர் என்றது. பத்தாண்டுகளில் எட்டு லட்சம் பேர் குறைந்தனர். அவர்கள் எங்கே சென்றனர்? நல்ல கூலி கண்டு வேறு தொழிலுக்குச் சென்றனரா, நூல் கிடைக்காமல் தறியைக் கழற்றினரா, விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விற்கப்பட்டதால் ஒதுக்கப்பட்டனரா? இம்மூன்றுக்கும் வேண்டிய பரிகாரங்கள் வேறு வேறு. எண் இதற்கு விடை கூறாது. தறி கழற்றிய வீட்டுக்குச் சென்று கேட்டால்தான் தெரியும்.

அதே நான்காவது கணக்கெடுப்பின்படி, 35.22 லட்சம் பேரில் 25.46 லட்சம் பேர் பெண்கள். நூறு பேரில் எழுபத்திரண்டு பேர் பெண்களாயிருக்க, சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டில் அவர்களுடைய பங்கு எவ்வளவு? ஒவ்வொரு சங்கமும் தன் பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டிய கேள்வி இது. தறி கணவர் பெயரிலிருந்தால், உழைக்கும் மனைவி கணக்கில் வராமற்போவாள். கணக்கில் வராதவருக்கு அடையாள அட்டையும், காப்பீடும், கடனும் எட்டுவது அரிது.

சட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குறிப்பிட்ட துணி வகைகளைக் கைத்தறியிலேயே நெய்ய வேண்டுமென்று ஒதுக்கும் சட்டம் 1985-இல் நிறைவேறியது. முதலில் 22 வகைகள் ஒதுக்கப்பட்டன. பின்னர் அவை 11 ஆகக் குறைக்கப்பட்டன. ஒதுக்கப்பட்ட வகை விசைத்தறியில் நெய்யப்படுகிறது என்று நாம் பொதுவாகச் சொன்னால் எவரும் நடவடிக்கை எடுக்க இயலாது. எந்த வகை, எந்தச் சந்தை, எந்தத் தேதி, என்ன விலை என்று எழுதி வைத்துச் சொன்னால் அது புகாராகும்.

பயிரிடுவோர் விஷயமும் இத்தகையதே. நெல்லுக்கும் கோதுமைக்கும் ஆதரவு விலை ஆண்டுதோறும் அறிவிக்கப்படுகிறது. ஆனால் நாட்டின் விவசாயிகளில் ஏறத்தாழ 6 சதவீதத்தினரே அவ்விலையில் கொள்முதல் அமைப்புகளுக்கு விற்றனர் என்று, 2012-13 ஆம் ஆண்டுக்குரிய மாதிரி ஆய்வைக் கொண்டு, சாந்தகுமார் தலைமையிலான குழு 2015-இல் எடுத்துக்காட்டியது. அறிவிப்பு வேறு, அடைதல் வேறு என்பதற்கு இவ்வோர் எண்ணே போதும். ஆயினும் ஏனையோர் ஏன் விற்கவில்லை என்பதை அவர்களிடமே கேட்டறிதல் வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு

கணக்கு எப்படி உண்மையை வெளிப்படுத்துகிறது என்பதற்குக் கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சேலை ஒன்றுக்குக் கூலி ரூ. 1,200. ஒரு சேலை நெய்ய மூன்று நாள். மாதம் 24 நாள் வேலையில் எட்டுச் சேலைகள், கூலி ரூ. 9,600. சங்கத்தின் ஏட்டைப் பார்த்தால் நாட்கூலி ரூ. 400 என்று தோன்றும்.

இப்போது வீட்டுக்குள் சென்று விசாரிப்போம். சேலைக்கு ஒரு நாள் வீதம் மனைவி தார் சுற்றியதில் 8 நாள். பாவு ஓட்டவும் பிணைக்கவும் முதியவர் உதவியதில் 4 நாள். ஆக மொத்தம் 36 ஆள்-நாட்கள். தறிப் பழுதுக்கும் விளக்குக்கும் ரூ. 600 செலவு. மீதி ரூ. 9,000-ஐ 36-ஆல் வகுத்தால் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ரூ. 250-தான் கிடைக்கிறது. நானூறு எங்கே, இருநூற்றைம்பது எங்கே! இதற்குமேல், நூல் வராமல் நான்கு நாள் தறி நின்றது என்றும், அந்நாட்களில் கடன் வாங்கிச் சாப்பிட்டோம் என்றும் அவர்கள் சொல்வார்களாயின், அது எந்த ஏட்டிலும் இல்லாத விவரம்.

நெல்லுக்கும் இவ்வாறே பார்க்கலாம். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை அறுபது, அதாவது 24 குவிண்டால் போட்டவர், முறை வருவதற்காகப் பல நாள் காத்திருந்ததில் காவலுக்கும், தார்ப்பாய்க்கும், மழையில் நனைந்ததை மீண்டும் உலர்த்தவும் ரூ. 3,600 செலவிட்டார் எனக் கொள்வோம். குவிண்டாலுக்கு ரூ. 150 கைவிட்டுப் போயிற்று. ரசீதில் முழு விலை இருக்கும், கையில் இராது.

சங்கம் செய்யக்கூடிய முறை

இதற்குப் பெரிய பொருட்செலவு தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், பொறுமையுள்ள இருவரும், வருஷத்தில் சில நாட்களும் போதும். கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, அறிய விரும்புவதை ஒரே கேள்வியாக வகுத்துக்கொள்ள வேண்டும். ‘நெசவாளர் நிலை எப்படி?’ என்பது கேள்வியன்று. ‘நூல் இல்லாமல் இம்மாதம் தறி எத்தனை நாள் நின்றது?’ என்பது கேள்வி.

இரண்டாவது, வீடுகளைத் தேர்ந்தெடுப்பதில் நேர்மை வேண்டும். இருநூறு தறியுள்ள ஊரில் எல்லா வீட்டுக்கும் செல்ல முடியாவிடில், பதிவேட்டின்படி பத்தாவது வீடு தோறும் சென்று இருபது வீடுகளை விசாரிக்கலாம். நமக்கு வேண்டியவர் வீட்டையும், உரக்கப் பேசுபவர் வீட்டையும் மட்டும் நாடினால் கணக்குக் கோணிவிடும். பதிவேட்டில் இல்லாதவர்களையும், தொழிலை விட்டவர்களையும் தனியே தேடிச் சென்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, எல்லாரிடமும் ஒரே கேள்வியை, ஒரே சொற்களில் கேட்க வேண்டும். ‘கூலி போதவில்லை அல்லவா?’ என்று விடையை நாமே ஊட்டுதல் கூடாது. ‘சென்ற வாரம் என்ன கூலி பெற்றீர்கள்?’ என்று கேட்டுவிட்டு, பிறகு அவர் சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, பெண்களைத் தனியே, பெண்ணொருவரே விசாரித்தல் நலம். கணவரும் மாமனாரும் சூழ்ந்திருக்கையில் தார் சுற்றுபவரின் விடை, ‘எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது’ என்பதாகவே இருக்கும்.

ஐந்தாவது, சொன்னவருக்குத் தீங்கு வரலாகாது. அவர் சம்மதமின்றி எழுதக் கூடாது. பெயரைத் தனித் தாளில் வைத்து, அறிக்கையில் எண் மட்டும் இட வேண்டும். முதலாளியிடம் கடன்பட்ட நெசவாளரின் பெயர் வெளிப்பட்டால் அவருடைய பாவு நின்றுவிடும். அவர் பிழைப்பைப் பணயம் வைத்து நாம் கணக்கெழுதுவதற்கு நியாயமில்லை.

ஆறாவது, ஒவ்வொரு கூற்றையும் மற்றொன்றால் சரிபார்க்க வேண்டும். கூலிச் சிட்டை, நூல் வழங்கிய பதிவு, எடைச் சீட்டு, அண்டை வீட்டார் கூற்று ஆகியவை உதவும். நமக்குச் சாதகமான பொய்யும் பொய்யே. ஒரு பொய் கண்டுபிடிக்கப்பட்டால் மற்ற பத்தொன்பது மெய்களும் அதனோடு தள்ளுண்டு போகும். சம்பாரணில் குறுக்கு விசாரணை செய்ததன் கருத்து இதுவே.

ஏழாவது, அடுத்த ஆண்டும் அதே மாதத்தில் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய மாதத்து வேலையை ஐப்பசி மழைக்காலத்து வேலையோடு ஒப்பிட்டு ‘நிலைமை மோசமாயிற்று’ என்று கூறுவது முறையன்று.

கடைசியாக, சேர்த்த விவரத்தை மகாசபைக் கூட்டத்தில் எல்லாரும் கேட்கப் படிக்க வேண்டும். தவறு இருந்தால் அங்கேயே திருத்த வேண்டும். அதன்பின் அதிகாரிகளுக்கு அனுப்பும் மனுவில் எண்களை முன்னும், அவற்றை விளக்கும் வாக்குமூலங்கள் இரண்டொன்றைப் பின்னும் வைத்து, என்ன மாற்றம் வேண்டுமென்பதைத் தெளிவாக எழுத வேண்டும்.

நம்மையும் அளக்கும் கோல்

ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. இவ்வாறு விசாரிக்கப் புகுந்தால் குறைகள் அரசாங்க அலுவலகங்களில் மட்டும் காணப்படும் என்று நினைத்தல் கூடாது. நூல் கிடங்கில் இருந்தும் நமக்கு வேண்டியவருக்கே முதலில் சென்றது. தறியில் உட்காரும் பெண்ணுக்கு அங்கத்தினர் உரிமை மறுக்கப்பட்டது. கூலிப் பட்டியலில் நெய்யாதவர் பெயர் இருந்தது. இவைபோன்றவை நம் சங்கத்தின் ஏட்டிலேயே வெளிப்படலாம். அப்போது நிர்வாகிகள் அந்த நோட்டுப் புத்தகத்தைப் பூட்டி வைப்பார்களா, மகாசபையில் படிப்பார்களா? இந்த முறை முழுவதுமே அவ்வொரு கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

தன் குறையைப் படிக்க அஞ்சும் சங்கம், பிறர் குறையைக் காட்டும்போது அதன் சொல் சபையேறாது. தன் குறையைத் தானே படித்துத் திருத்திக்கொண்ட சங்கம், அதிகாரியின் மேஜை மீது ஒரு மனுவை வைக்கும்போது அதன் ஒவ்வோர் எண்ணுக்கும் மதிப்புண்டு.

துணியை விரித்துப் பார்த்து இழை விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பது நமக்குப் பழக்கமான வேலை. அதே கண்ணைச் சட்டத்தின் மீதும், திட்டத்தின் மீதும், நம் சங்கத்தின் மீதும் செலுத்துவோமாக. அடுத்த மகாசபைக்கு முன் ஒவ்வொரு சங்கமும் இருபது வீடுகளையேனும் விசாரித்து ஒரு பக்க அறிக்கை தயாரிக்குமானால், அதுவே நல்ல தொடக்கமாகும்.